இடப்பக்கத்து சீட்

எங்க மாமாவோட காரு, இடது சீட் காலியா ஓடி ஒரு நாளும் நான் பார்த்ததில்ல. மாமான்னா எங்க அக்கா வீட்டுக்காரரு. காக்ஸ் டவுன்ல எங்க தெருவுல யாரைக் கேட்டாலும், குட்டிக் காரு வெச்சிருக்கிறவரா, தங்கமான மனுஷனாச்சே, யாரு கை காட்டினாலும் நிறுத்தி ஏத்திப்பாரேன்னுதான் சொல்லுவாங்க. ஏன் ஏத்திக்கிறாருன்னு தெரிஞ்ச பிறகும் நான் அவங்க பேச்சை மறுத்ததில்ல. மறுத்து என்னத்தைச் சொல்றது?

அது ரெண்டே ரெண்டு பேர் உட்கார்ற காரு. பின்னாடி சீட்டே கிடையாது. பழைய இங்கிலீஷ்காரன் வண்டி. குக் டவுன்ல இருந்த ஒரு ஆங்கிலோ இந்தியன் குடும்பம் தொண்ணூத்தி ஒண்ணுலயோ ரெண்டுலயோ ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினப்ப மாமா அவங்ககிட்ட வாங்கினாரு. கரும்பச்சை நிறம். மேல கேன்வாஸ் துணி. அதை மடிச்சுப் பின்னாடி தள்ளிட்டா ஆகாசம் தெரியும், தள்ளாம விட்டாலும் மழை மடியிலதான் விழும். உள்ள இறங்கி உட்கார்ந்தா தரையில உட்கார்ந்த மாதிரி இருக்கும். பக்கத்துல பஸ் வந்து நின்னா அதோட சக்கரத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கணும். ரிச்மண்ட் சர்க்கிள்ல ஒரு கண்டக்டரு ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, "என்ன சார், டயர் மட்டும் வந்திருக்கு, காரு பின்னாடி வருதா?"ன்னு கேட்டாரு. மாமா அதை ஒரு மாசம் எல்லாருகிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு.

அந்த மாதிரி வண்டி வெச்சிருக்கிறவங்க ஞாயித்துக்கிழமை தொடைச்சு எடுத்து எம்.ஜி. ரோடுல ஒரு ரவுண்டு அடிச்சுட்டு மறுபடியும் போர்வை போர்த்தி வெச்சுடுவாங்க. மாமா தினமும் எடுத்தாரு. பேக்டரிக்கு அதுதான், ரேஷன் அரிசிக்கு அதுதான், மாவு மில்லுக்கும் அதுதான். கேஸ் சிலிண்டரை இடது சீட்ல உட்கார வெச்சு பெல்ட்டு போட்டு இழுத்துக் கட்டி, அதுகிட்டயும் ஏதோ பேசிக்கிட்டே வருவாரு. ஏதாவது பார்ட்ஸ் போச்சுன்னா சிவாஜிநகர் குஜிரிக்குப் போயி, அந்தப் பழைய இரும்புக் கடைங்கள்ல மத்தியானம் முழுக்கக் குடைஞ்சு, வேற எதோ வண்டியோட சாமானைக் கொண்டு வந்து ராவிப் பொருத்திடுவாரு. ஒர்க்ஷாப் சூப்பர்வைசரு, கையில வித்தை இருந்துச்சு.

வீட்ல அஞ்சு பேரு, காருல ரெண்டு சீட்டு. புத்தியுள்ளவன் எவனாவது வாங்குவானான்னு எங்க அக்கா கல்யாணம் காட்சின்னு கிளம்பறப்பல்லாம் கேட்பா. அக்கா, ரெண்டு பொண்ணுங்க, அப்புறம் நான். நான் தொண்ணூத்தி மூணுல ஆம்பூர்ல இருந்து வந்து சேர்ந்தேன். பொம்மனஹள்ளியில ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனி ஆபீஸ்ல டைப்பிஸ்ட் வேலை. மாமாவோட பேக்டரி அதே ஹோசூர் ரோடுல இன்னும் தள்ளி, சந்தாபுரா பக்கம். அதனால காலையில சீட் எனக்கு. சாயந்திரம் வீட்டுக்கு வந்த பிறகு பெரியவளுக்கு, அவ டியூஷன் போகணும். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அக்காவுக்கு. ஞாயித்துக்கிழமை பூரா சின்னவளுக்கு. இதுக்கு வீட்ல முறைன்னு பேரு. எல்லாரும் சேர்ந்து எங்கயாவது போகணும்னா யாரு முறையோ அவங்க காருல, மிச்சப் பேரு ஆட்டோவுல பின்னாடியே. இப்படி ஒரு குடும்பத்தை நீங்க வேற எங்கயும் பார்த்திருக்க மாட்டீங்க.

வீட்ல மாமா வாயே திறக்க மாட்டாரு. பேப்பரை விரிச்சா முகம் தெரியாது, கேட்டதுக்கு 'ம்' கொட்டுவாரு. காருல ஏறிட்டா வேற ஆளு. "ஏ ஆம்பூர், ஏறு"ன்னு கதவைத் திறந்துவிட்டா பொம்மனஹள்ளி வர்ற வரைக்கும் பேச்சு. பேசறதைவிட அவரு கேட்கறதுதான் அதிகம். ஆபீஸ்ல மேனேஜரு எரிஞ்சு விழுந்தது, ஹாஸ்டல்ல இருக்கிற சிநேகிதி அழுதது, எல்லாம் கேட்பாரு. நேத்து விட்ட இடத்தை மறக்காம இன்னைக்கு எடுத்துக் கொடுப்பாரு. வாணியம்பாடியில ஒரு இடம் பார்த்து எங்கப்பா முடிக்கப் போனப்ப, எனக்கு இஷ்டமில்லேன்னு முதல்ல சொன்னது அந்தக் காருக்குள்ளதான். அந்த சனிக்கிழமையே ரயிலேறி ஆம்பூர் போயி எங்கப்பாகிட்ட பேசி அதை நிறுத்திட்டு வந்தாரு. என் ஆயுசுல என் பேச்சை அவ்வளவு கவனமா கேட்ட ஆம்பளை வேற யாரும் இல்ல. என் வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

வந்து ஒரு வருஷம் இருக்கும். ஆடுகோடி தாண்டி இடது பக்கமா ஒருத்தரு சைக்கிள்ல முட்டை அட்டை கட்டிக்கிட்டு வந்தாரு. எனக்கு நல்லா தெரியுது. மாமாவுக்கும் தெரியும்னு நினைச்சுக்கிட்டு நான் என் கதையைச் சொல்லிக்கிட்டே வர்றேன். காரு பாட்டுக்கு அவரு மேல சாய்ஞ்சுக்கிட்டுப் போகுது. நான் வீல்னு கத்தினேன். அவரு சைக்கிளோட நடைபாதை மேல ஏறித் தப்பிச்சாரு, முட்டை தப்பிக்கல. மாமா இறங்கிப் போயி சமாதானம் பண்ணி அனுப்பிட்டு வந்தாரு. மடிவாளா வந்ததும் ஒரு மரத்தடியில நிறுத்தினாரு.

"ஆம்பூர், உன்கிட்ட மட்டும் சொல்றேன். இந்த இடது கண்ணுல வெளிச்சம் கம்மியாயிடுச்சு. கிரைண்டிங்ல இரும்புத் தூள் பட்டுது. போகப் போக சரியாயிடும்னாரு டாக்டரு. அதுவரைக்கும் நீ அந்தப் பக்கம் பார்த்துச் சொல்லு, வலது பக்கம் என் பொறுப்பு. உங்கக்காகிட்ட சொல்லாதே, பயந்துடுவா."

எனக்கு அப்போ இருபத்திரண்டு வயசு. வீட்ல யாருக்கும் தெரியாத ஒண்ணு எனக்குத் தெரியுதேன்னு பெருமையாத்தான் இருந்துச்சு. மறுநாள்ல இருந்து ஆரம்பிச்சேன். சைக்கிள். ஆட்டோ. குழந்தையோட ஒரு பொம்பளை. கிளியர். மாடு, நிக்குது. கிளியர். நடுநடுவுல என் கதையும் ஓடும், அவரு கேள்வியும் ஓடும். கொஞ்ச நாள்ல பெருமை போயி பயம் வந்து உட்கார்ந்துக்கிச்சு. நான் ஒரு நிமிஷம் அசந்தா ஒரு உசுரு போகும். இதான் தினம் காலையில எனக்கு வேலை. ஆபீஸுக்குப் போயி டைப் அடிக்கிறது அதுக்கப்புறம் ரெஸ்ட் மாதிரி. சிட்டி பஸ்ல போனாக்கூட வாய் தானா முணுமுணுக்கும். ஒரு தடவை பக்கத்துல இருந்த அம்மா பயந்துக்கிட்டு எழுந்து வேற சீட்டுக்குப் போயிடுச்சு.

போகப் போக சரியாகல. கிரைண்டிங் தூளு மூணு வருஷமா கண்ணுல இருக்குமான்னு கேட்டேன். ட்ராப்ஸ் போடறேன்மான்னாரு. பொம்மனஹள்ளியில நான் இறங்கின பிறகு என்ன பண்றாருன்னு ஒரு நாள் கேட் ஓரமா நின்னு பார்த்தேன். வண்டியை எடுக்கவேயில்ல. பஸ் ஸ்டாப்புல சந்தாபுரா பக்கம் வேலைக்குப் போறவங்க நாலஞ்சு பேரு இருந்தாங்க, ஒருத்தரைக் கூப்பிட்டு ஏத்திக்கிட்ட பிறகுதான் கிளம்பினாரு. அவங்களுக்குள்ள தினமும் ஒருத்தருன்னு முறையே இருந்திருக்கு. அதுல ஒருத்தரு எங்க கம்பெனி வாட்ச்மேனுக்குத் தம்பி. சாரு ரொம்ப நல்லவரும்மா, மிரரு உடைஞ்சுபோச்சு, கொஞ்சம் லெஃப்ட் பார்த்துச் சொல்லுப்பான்னு கேட்பாரு, அவ்வளவுதான்னு சொன்னாரு. அந்த மிரரு உடையவே இல்ல. அந்தக் காருக்கு இடப்பக்கம் மிரரே கிடையாது.

அக்கா வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆனா தலையில பூ வெச்சுக்கிட்டுத் தயாரா நிப்பா. அல்சூர் கோயிலுக்குப் போயிட்டு ஏரிப் பக்கமா சுத்திட்டு வருவாங்க. வந்து அடுப்படியில என்கிட்ட வெட்கப்பட்டுக்கிட்டே சொல்லுவா. உங்க மாமா காருல ஏறினா, உன் பக்கம் என்னென்ன தெரியுது, ஒண்ணு விடாம சொல்லுன்னு கேட்டுக்கிட்டே வருவாரு. நான் பூக்காரி, நாய்க்குட்டி, காலேஜ் பசங்கன்னு சொல்லிக்கிட்டே வரணும். கல்யாணம் ஆன புதுசுல வாய் திறக்காத மனுஷன், இப்போ என் பேச்சைக் கேட்கணும்னு ஆசைப்படறாரு பாருன்னா. நான் பாத்திரத்தைக் கழுவ எடுத்துக்கிட்டு வெளியே வந்துட்டேன்.

சின்னவளைக் கூட்டிக்கிட்டுப் போறதைத்தான் என்னால தாங்க முடியல. எட்டு வயசு. கதவுக்கு மேல தலை தெரியாதுன்னு சீட்ல ரெண்டு கம்பளியை மடிச்சுப் போட்டு உட்கார வெப்பாரு. அவங்களுக்குள்ள அது ஒரு விளையாட்டு. இடப்பக்கம் வர்றதை முதல்ல பார்த்துச் சொன்னா மார்க்கு. சைக்கிளுக்குப் பத்து, மொபெட்டுக்கு இருபது, எருமைக்கு ஐம்பது. கறிக்கடை, முடி வெட்டற கடை, குஜிரின்னு எல்லா இடத்துக்கும் அவதான். வீட்ல அவ ஒருத்திதான் அவரை நீன்னு கூப்பிடுவா. அப்பாவும் பொண்ணும் சிரிச்சுக்கிட்டே தெரு முனை திரும்பறதை கேட்ல நின்னு பார்ப்பேன். அவங்க திரும்பி வர்ற வரைக்கும் வீட்டு வேலை எதுவும் ஓடாது. ஒரு நாள் காலையில நேராவே கேட்டுட்டேன், மாமா, பெரியவங்க நாங்க வர்றது வேற, சின்னவளை வெச்சுக்கிட்டு ஓட்டாதீங்கன்னு. அவரு சாதாரணமா சொன்னாரு, உங்கள்ல யாரும் அவ மாதிரி பார்க்கறதில்ல ஆம்பூர்னு. அன்னைக்குத்தான் எனக்கு முதல் தடவையா அவரு மேல வெறுப்பு வந்துச்சு. வந்த வேகத்துல போகவும் செஞ்சுது, அன்னைக்கு சாயந்திரமே எனக்குத் தலைவலின்னு பார்மஸி பார்மஸியா அலைஞ்சு மாத்திரை வாங்கிட்டு வந்தாரு. இந்த மனுஷனை என்ன செய்ய?

மல்லேஸ்வரத்துல மாமாவோட அத்தை மகன் வீடு கட்டி கிரகப்பிரவேசம் வெச்சாரு. வேலூர்ல இருந்து மாமாவோட அண்ணன் வந்திருந்தாரு. ரிட்டையர்டு ஏட்டு. அப்பா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவரு. அவரு முன்னாடி மாமா இன்னமும் கையைக் கட்டிக்கிட்டுதான் நிப்பாரு. விருந்தாளின்னு சீட்டு அவருக்குப் போச்சு. எனக்கு அப்பவே திக்குன்னுது. என் கண்ணைக் கொஞ்சம் பார்த்துக்கோன்னு அந்த அண்ணன்கிட்ட மாமா செத்தாலும் சொல்ல மாட்டாரு. மிரர் உடைஞ்சதுன்னு சொன்னாலே, உடைஞ்ச வண்டியை எதுக்குடா வெளியே எடுத்தேன்னு கேட்கிற ஆளு அவரு. நான் மாமாகிட்ட போயி, எல்லாரும் ஆட்டோவுலயே போகலாம் மாமான்னேன். சும்மா கிரிகிரி பண்ணி உயிரை வாங்காதே ஆம்பூர், ஏறுன்னு ஆட்டோவைக் காட்டினாரு.

ஆட்டோவுல அக்கா, பெரியவ, நான், நடுவுல என் மடியில சின்னவ. அக்கா கையில பழத்தட்டு. முன்னாடி காரு, மேல துணி மடிச்சிருந்ததால ரெண்டு தலையும் நல்லா தெரியுது. அண்ணன் முகத்தை மாமா பக்கமே திருப்பிக்கிட்டு ஏதோ கண்டிச்சுக்கிட்டே போறாரு. இடது பக்கம் பார்க்க ஆளில்ல. மல்லேஸ்வரம் தெரியுமில்ல? சம்பிகே ரோடுல கிராஸ் கிராஸா குறுக்குத் தெருங்க, எங்கிருந்து யாரு வருவாங்கன்னு சொல்ல முடியாது. ஒவ்வொரு கிராஸும் வர்றப்ப நான் மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டு வர்றேன். கிளியர். கிளியர். தற்செயலா திரும்பினா அக்காவோட உதடும் அசையுது. ஏதோ மந்திரம் சொல்றான்னு நினைச்சேன்.

அடுத்த கிராஸ்ல இருந்து மொபெட்ல ஒரு அம்மா முன்னாடி வாழை இலைக்கட்டை வெச்சுக்கிட்டு வந்தாங்க. காரு வேகம் குறையல.

"லெஃப்ட்!"

நான் மட்டும் கத்தல. நாலு பேரும் கத்தினோம். நாலு குரலும் ஒண்ணா. என் மடியில இருந்து சின்னவ, "மொபெட், இருபது"ன்னு சேர்த்துச் சொன்னா. ஆட்டோக்காரரு பதறிப்போயி பிரேக்கைப் போட்டுட்டுத் திரும்பி, எனக்கா சொன்னீங்கன்னாரு. நாங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருந்தோம்.

முன்னாடி அந்த அம்மா கீழே விழுந்து கிடந்தாங்க. முழங்கால்ல ரத்தம். ரோடு பூரா இலை. மாமா காரைவிட்டு இறங்கி, அண்ணன் பார்க்கிறாரேன்னுதானோ என்னவோ, அவங்களைப் பார்த்து, "கண்ணு தெரியல உனக்கு?"ன்னு கத்தினாரு. அக்கா பழத்தட்டைப் பெரியவ கையில கொடுத்துட்டு இறங்கிப் போனா. தன்னோட கர்ச்சீப்பால அந்த அம்மா முழங்காலைக் கட்டினா. கன்னடத்துல, தப்பு எங்க மேலதாம்மா, மன்னிச்சுக்கோங்கன்னா. இலையெல்லாம் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தா. மாமா பக்கம் திரும்பிக்கூட பார்க்கல. வந்து ஆட்டோவுல ஏறிக்கிட்டா.

அங்கிருந்து அந்தப் புது வீடு கொஞ்ச தூரம்தான். அந்தக் கொஞ்ச தூரத்துல எல்லாம் வெளியே வந்துடுச்சு. எனக்கு இரும்புத் தூளு. பெரியவளுக்கு கேட்ராக்ட், அவ பி.யூ.சி. பரீட்சை முடிஞ்சதும் ஆபரேஷன் பண்ணிப்பாரு, அம்மாகிட்டயும் சித்திகிட்டயும் மூச்சு விடாதேன்னு சொல்லியிருக்காரு. பரீட்சை போன வருஷமே முடிஞ்சுபோச்சு. இப்படி ஆளுக்கொரு கதை. நானும் பெரியவளும், விஷயம் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்னு தனித்தனியா நினைச்சுக்கிட்டு இருந்திருக்கோம். நாலு பேரும் ஒரே வண்டியில பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து போயிருந்தா இது என்னைக்கோ வெளியே வந்திருக்கும். அந்தக் காரு அதுக்கு விடல.

அக்கா கடைசியாத்தான் பேசினா. "எனக்கு ஊரைக் காட்டறாருன்னு நினைச்சேன்"னா. அழல. பெரியவ கையில இருந்து தட்டை வாங்கி, சரிஞ்சிருந்த பழத்தை நேரா அடுக்கினா.

"அப்போ மார்க்கெல்லாம்?"னு சின்னவ கேட்டா.

அண்ணனை சாயந்திரம் வேலூர் பஸ் ஏத்திவிட்டுட்டு வந்த பிறகு அக்கா மாமாவை எதிர்ல உட்கார வெச்சுக் கேட்டா. நாங்க மூணு பேரும் அங்கயே நின்னோம். மறைக்க ஒண்ணுமில்லேன்னு அவருக்கும் தெரிஞ்சுபோச்சு. இரும்புத் தூளும் இல்ல, கேட்ராக்ட்டும் இல்ல. கண்ணுல பிரஷராம். இடது கண்ணு முழுசாவே போயிடுச்சு. அதே பிரஷர் வலது கண்ணுலயும் இருக்கு, விடாம மருந்து போட்டு மாசாமாசம் காட்டிக்கிட்டு வந்தா அதைக் காப்பாத்தலாம்னு டாக்டரு சொல்லியிருக்காரு. பின்னே ஏன் போகலைன்னு அக்கா கேட்டா.

"வண்டியை விடுன்னாரு. நான் டாக்டரை விட்டுட்டேன்"னு சொல்லி மாமா சிரிச்சாரு. அவரு ஒருத்தருதான் சிரிச்சாரு.

ஒத்தைக் கண்ணோட, அதுவும் போயிக்கிட்டிருக்கிற கண்ணோட, பெத்த பொண்ணைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டு ஹோசூர் ரோடுலயும் சிவாஜிநகர்லயும் ஓட்டியிருக்கீங்களேன்னு அக்கா கேட்டா. மாமா தரையைப் பார்த்துக்கிட்டே, அந்தக் காரு இல்லேன்னா நான் யாருகிட்ட பேசுவேன்னாரு. வீட்ல நாலு பேரு இருக்கோமேன்னா அக்கா. நாலு பேரா இருந்தா எனக்குப் பேச வரல, ஒருத்தரா இருந்தா வருது, நான் என்ன பண்ணன்னு கேட்டாரு. எனக்கு அந்த நிமிஷம் அவரைக் கட்டிப் பிடிச்சுக்கணும் போலவும் இருந்துச்சு, நாலு அறை விடணும் போலவும் இருந்துச்சு.

அக்கா சண்டை போடல. படுக்கப் போறதுக்கு முன்னாடி எங்க மூணு பேருகிட்டயும் ஒண்ணே ஒண்ணு சொன்னா. நாளையில இருந்து அந்த சீட்ல யாரும் உட்காரக் கூடாது.

காலையில மாமா வழக்கம் போல சட்டை மாட்டிக்கிட்டு காரை ஸ்டார்ட் பண்ணி கேட்டுக்கு வெளியே நிறுத்தினாரு. ஹார்ன் அடிச்சாரு. நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு காரைத் தாண்டி பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தேன். ஏ ஆம்பூர்னு கூப்பிட்டாரு. அஞ்சு வருஷமா அந்தக் குரலுக்கு ஓடிப் போயி ஏறினவ நான். திரும்பல. பெரியவளும் வந்து எதிர்ப்பக்கமா போயிட்டா. ஆனா நான் தெரு முனையில நின்னுட்டேன்.

சின்னவ யூனிபார்ம் போட்டுக்கிட்டு பையோட கேட்ல வந்து நின்னா. மாமா சாய்ஞ்சு இடது கதவை உள்ளேயிருந்து திறந்தாரு. சீட்ல கம்பளி ரெண்டும் மடிச்சுத் தயாரா இருந்துச்சு.

"வாடா. இன்னைக்கு எருமைக்கு நூறு மார்க்."

அக்கா கை கழுவாம மாவோட ஓடி வந்து அவ தோளைப் பிடிச்சுக்கிட்டா. நான் அவ குரல் உயர்ந்து கேட்டதேயில்ல, அன்னைக்கும் உயரல. "ஏங்க, இவ உங்களுக்கு மகளா, மிரரா?"ன்னா.

எதிர்வீட்டுக்காரங்கள்லாம் பார்க்கிறாங்க. மாமா சின்னவ மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. அவ கேட்டா.

"கண்ணு தெரியலேன்னுதான் என்னைக் கூட்டிட்டுப் போனியா? இல்ல, பிடிக்கும்னா?"

பிடிக்கும்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். எங்க எல்லாருக்கும் ஆளுக்கொரு பொய் சொன்னவருக்கு அது என்ன பெரிய விஷயமா? அவகிட்ட மட்டும் அவருக்குப் பொய் வரல.

"ரெண்டும்தான்டா"ன்னாரு.

சின்னவ அந்தக் கதவைத் தள்ளி மூடினா. சரியா மூடலேன்னு மறுபடியும் ஒரு தடவை திறந்து அழுத்தி மூடினா. பையை மாட்டிக்கிட்டு ஸ்கூல் பக்கமா நடந்தா. என்னைத் தாண்டித்தான் போனா, நான் கூப்பிட்டதுக்குத் திரும்பல.

காரு இன்ஜின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. தெரு முனைக்குப் போயி நின்னா யாராவது கை காட்டத்தான் போறாங்க, ஏத்திக்கிட்டுப் போயிருக்கலாம். போகல. ஆஃப் பண்ணிட்டு ஸ்டீயரிங் மேல கையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. அதுக்கப்புறம் அவரு அதை ஓட்டல.

அன்னைக்கே அக்கா அவரை ஆட்டோவுல கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனா. போன வரைக்கும் போனதுதான், இருக்கிறதைக் காப்பாத்திப் பார்க்கலாம்னாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதான்னு அந்த டாக்டரம்மா கேட்டதை அக்கா இன்னைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போவா. பேக்டரியில அவரை ஸ்டோருக்கு மாத்தினாங்க. பஸ்ல போயிட்டு வந்தாரு. காரு கொஞ்ச வருஷம் கேட்டுக்குள்ள தார்ப்பாய் மூடிக் கிடந்துச்சு. கோரமங்களாவுல இருந்து ஒரு சாப்ட்வேர் பையன் வந்து லாரியில ஏத்திக்கிட்டுப் போனான். ஞாயித்துக்கிழமை மட்டும் எடுப்பேன் அங்கிள், பத்திரமா வெச்சுப்பேன்னான். ஞாயித்துக்கிழமை மட்டுமா, வண்டி மனசு ஒடிஞ்சு பேஜாராயிடுமேப்பான்னாரு மாமா.

அந்த வருஷங்கள்ல எனக்குக் கல்யாணமாகி பொம்மனஹள்ளிக்கே குடிவந்துட்டேன். வலது கண்ணும் கொஞ்சம் கொஞ்சமா போயி, ரெண்டாயிரத்துப் பன்னெண்டு வாக்குல வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியும்னு ஆயிடுச்சு. முன்னறையில ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாரு. வர்றவங்க யாரா இருந்தாலும் வாசப்படியிலயே குரல் கொடுக்கணும்னு அக்கா சொல்லி வெச்சிருந்தா, இல்லேன்னா திடுக்குன்னு பயந்துக்கிறாரு. நான் போனா, ஆம்பூர் வந்திருக்கேன் மாமான்னுவேன். பெரியவ அவ புருஷன் பேரையும் சேர்த்துச் சொல்லிக்கிட்டே வருவா. பால்காரர்கூட சொல்லுவாரு.

சின்னவ மட்டும் சொல்ல மாட்டா. அவ வளர்ந்து வேலைக்குப் போற பொண்ணு அப்போ. அப்பாவுக்கு மருந்து ஊத்தறது, நகம் வெட்டறது, சோறு பிசைஞ்சு வைக்கிறது, எல்லாம் அவதான். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா வாசல்ல வந்து நிப்பாளே தவிர, நான்தான்ப்பான்னு ஒரு வார்த்தை வராது. எங்கயும் எதையும் பார்த்து அவருக்குச் சொல்ல மாட்டா. படி இருக்குன்னு வாயால சொல்லாம கையைப் பிடிச்சு நிறுத்துவா. அக்கா திட்டிப் பார்த்தா, கெஞ்சிப் பார்த்தா. ஒண்ணும் நடக்கல.

மாமாவும் அதைப் புரிஞ்சுக்கிட்டாரு. வாசல் பக்கம் சத்தம் கேட்டு, யாரும் குரல் கொடுக்கலேன்னா அது சின்னவதான்னு அவரு கணக்கு. உடனே முகமெல்லாம் மலர்ந்து, வந்துட்டியாடா, இன்னைக்கு ஆபீஸ்ல என்ன ஆச்சு சொல்லுன்னு ஆரம்பிச்சுடுவாரு. பதில் வராட்டியும் அவரே பேசிக்கிட்டு இருப்பாரு. சில நாள் அவ அங்க நின்னு கேட்டுக்கிட்டிருப்பா. பல நாள் காத்துல கதவு ஆடியிருக்கும், அவ்வளவுதான். பக்கத்துல நான் உட்கார்ந்திருப்பேன். அங்க யாரும் இல்ல மாமான்னு சொல்ல எனக்கு வாய் வந்ததேயில்ல.